அவள் அம்மாவிடம் நான் சொன்னது

மூன்று வருடங்களுக்கு முன், புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. பி.ஏ.வைத் தபாலில் முடித்திருந்தேன். மகன் வெளியூரில் இன்ஜினீயரிங் சேர்ந்துவிட, பகல் முழுக்க வீட்டில் தனியாக என்ன செய்வாய் என்று கணவர்தான் விண்ணப்பம் வாங்கி வந்தார்.

வகுப்பில் எல்லோருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. முதல் நாள் என்னைப் பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். மாணவி என்று தெரிந்ததும், நான் உட்கார யாரும் நகர்ந்துகூட இடம் தரவில்லை.

இடம் கொடுத்தவள் ஒருத்திதான். காலாப்பட்டுப் பக்கம் ஒரு மீனவக் குடும்பத்துப் பெண். மற்றவர்கள் ஆன்ட்டி என்றபோது அவள் மட்டும் அக்கா என்றாள். போனில் அசைன்மென்ட் டைப் செய்து அனுப்பக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். நான் வராத நாட்களில் தன் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாள். கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்பதுதான் எப்போதும் அவள் பேச்சு. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் நான் வழக்கமாக மீன் வாங்குவது அவள் அம்மாவிடம்தான் என்று தெரிந்தபோது இரண்டு பேரும் சிரித்தோம்.

மூன்றாவது செமஸ்டரில் வகுப்பே சேர்ந்து சினிமாவுக்குப் போனது. என்னிடம் சொல்லவில்லை. "ஆன்ட்டி வந்தா ஃப்ரீயா இருக்க முடியாதுல்ல" என்று மறுநாள் ஒரு பையன் சொன்னது என் காதில் விழுந்தது. அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் மேல் வராத கோபம் எனக்கு அவள் மேல் வந்தது.

இரண்டு நாள் கழித்து, பஸ் ஸ்டாண்ட் எதிரே ஜூஸ் கடையில் அவளை ஒரு பையனோடு பார்த்தேன். பதறிப்போய் எழுந்து வந்தாள். "வேலைக்குப் போயிட்டு நானே வீட்ல சொல்லிடுவேன்க்கா. நீங்க எதுவும் சொல்லிடாதீங்க" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன். செதில் உரசிக்கொண்டே, தன் பெண் நன்றாகப் படிக்கிறாளா என்று அவள் அம்மா பெருமையாகக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். "பொண்ணு மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்கக்கா" என்றேன். அவள் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னேன். பெற்றவளுக்குத் தெரிய வேண்டும் என்ற அக்கறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் அந்தச் சினிமா கோபமும் இருந்தது.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. போன் அணைக்கப்பட்டிருந்தது. பத்து நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கே போனேன். கடலூர்ப் பக்கம் மாமன் மகனுக்கு நிச்சயம் செய்துவிட்டார்களாம். படிப்பையாவது முடிக்கட்டும், இன்னும் கொஞ்ச மாதம்தானே என்று கெஞ்சினேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லலன்னா எங்க மானமே பூட்டிருக்கும்மா. கூடப் பொறந்தவ மாதிரி வந்து சொன்ன."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கிளம்பும்போது மகள் வாசல் வரை வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"நீங்க எங்கூடத்தானக்கா படிச்சீங்க? எங்கம்மா கூடவா படிச்சீங்க?"

பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அவள் போட்டோ எடுத்து அனுப்பியிருந்த நோட்டுகளையும் வைத்துத்தான் கடைசிப் பரீட்சைக்குப் படித்தேன். முதல் வகுப்பு கிடைத்தது. இந்த வயதில் இவ்வளவு விடாமுயற்சியா என்று என்னை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். கைதட்டிய வகுப்பில் அவள் இல்லை. மன்னிப்புக் கேட்டு அவளுடைய பழைய நம்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். படித்துவிட்டாள் என்பதற்கு நீல டிக் வந்தது. பதில் இன்றுவரை வரவில்லை. அவள் அம்மா மட்டும் இப்போதும் எனக்கென்று நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வைக்கிறாள்.

வயதைச் சொல்லி என்னை ஒதுக்கியவர்களை நான் ஒன்றும் செய்யவில்லை. வயது பார்க்காமல் பக்கத்தில் உட்கார வைத்தவளிடம்தான் என் வயதைக் காட்டினேன் என்பது, நான் வாங்கிய பட்டத்தோடு சேர்ந்து கடைசிவரை என்கூட வரும்.