கல் நடும் முன் குடித்த சாயா

கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழையும் நிறைய இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009-இல் மார்த்தாண்டம் பக்கம் ஒரு விளையில், அதாவது தோட்டத்தில், ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அண்ணனும் தம்பியும். தம்பி வீடு ரோட்டோரம், அண்ணன் வீடு அதற்குப் பின்னால். தம்பியின் முற்றம் வழியாகத்தான் அண்ணன் போய்வந்தார். அதை அடைத்துச் சுவர் கட்டப்போவதாகத் தம்பி சொன்னார். அடைத்தால் மிஞ்சுவது கால்வாய்க்கரை வரம்பு மட்டும், அதில் ஒரு ஆள்தான் நடக்கலாம். அண்ணன் மனைவி பக்கவாதத்தில் கிடந்தார். அவருக்காக வாசல்வரை ஆட்டோ வர வேண்டும்.

நான் இருவருக்கும் சொந்தமில்லை, அவர்கள் சர்ச்சும் இல்லை, அதிகம் பேசவும் மாட்டேன். அதனால் என்னை மத்தியஸ்தனாக வைத்தார்கள். அளந்து பார்த்து, தம்பி ஆறடி வழி விடட்டும், பதிலுக்கு அண்ணன் பலாமரம் நிற்கும் மூலையைக் கொடுக்கட்டும் என்றேன். இருவரும் சம்மதித்தார்கள்.

எல்லைக்கல் நட்டு முடியும்வரை மத்தியஸ்தன் இரண்டு வீட்டிலும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். எனக்கும் தெரியும். கல் நடும் அன்று மழை. நனைந்துகொண்டு சீக்கிரமே தம்பியின் முற்றத்தில் போய் நின்றேன்.

“அண்ணே, வெறும் கட்டஞ்சாயாதானே, பாலுகூட இல்ல, குடியும்,” என்று தம்பியின் மனைவி நீட்டினார். ஒரு பெண் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பாதி குடிக்கும்போது அண்ணன் கடப்பாரையோடு வந்தார்.

“ஓ! ஒரு கிளாஸ் சாயாவுக்கு மூலையை எழுதிக் குடுத்தீரா ஓய்?”

“அப்படி இல்ல…” என்றேன்.

“சாயாவுக்குக் கடியும் வச்சிருப்பா, வடையோ பழமோ, தின்னுட்டுப் போவும். நான் கோர்ட்டுல பாத்துக்கிடுதேன்.”

தம்பி சிரித்தார். “கேட்டேரா? வழி வேண்டாம்னு சொன்னது அவருதான். நான் இல்ல.”

அடுத்த வாரமே சுவர் எழும்பிவிட்டது.

ஐப்பசி மழையில் அண்ணன் மனைவிக்கு மூச்சு முட்டியது. நாற்காலியில் கட்டித் தூக்கினோம். வரம்பில் நாலு பேர் நடக்க இடமில்லை. நானும் இன்னொருவரும் கால்வாயில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்தோம். ரோடு ஏறும்போது அவருடைய தலை என் தோளில் சாய்ந்தது. ஆட்டோக்காரர் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.

அடக்கம் முடிந்து பதினாறாம் நாளும் கழிந்து, சுவரை இடித்துவிடுவதாகத் தம்பி என்னிடம் சொல்லி அனுப்பினார். போய்ச் சொன்னேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “எனக்கு வரம்பு போரும்னு சொல்லும்,” என்றார்.

அதையும் கொண்டுபோய்ச் சொன்னேன். சுவர் இன்றும் நிற்கிறது.

எழுதியது: 2014 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை.