பந்து பார்க்கக் கூடாத நெஞ்சு

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிஸ்பென்சரி வேலையை விட்டுவிட்டு, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கொட்டகலைக்கு நடந்துகொண்டிருந்தேன். தூறல். பின்னால் வந்த பஸ்ஸுக்கு நான் கை காட்டவில்லை. போத்தல் கழுவுவதும் மிக்ஸர் மருந்து ஊற்றிக் கொடுப்பதும் அங்கே என் வேலை. சலித்துப்போய் விட்ட வேலைகள் பல. இது அப்படியல்ல.

கறுப்பையா, தேயிலை மலைக்கு உர மூட்டை சுமக்கிறவர். ஏற்றத்தில் நெஞ்சைப் பிசைகிறது என்று அடிக்கடி வருவார். வாயு என்று டொக்டரையா மிக்ஸர் கொடுப்பார். குடித்துவிட்டு மறுபடியும் மூட்டைக்கடியில் போவார்.

ஓட்டுப் போடும் உரிமையும் இல்லாத எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தோடு மோதிய அன்று, எங்கள் ஆள் கோல் அடித்ததும் துள்ளிய கறுப்பையா அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. தூக்கிவந்து படுக்க வைத்தோம்.

"பந்து பாக்கிற நெஞ்சா இது? இனிமே கிரவுண்டுப் பக்கமே தலைகாட்டாதே" என்றார் டொக்டரையா.

"டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாங்களா?" என்று நான் கேட்டேன்.

"எதுக்கு? பந்து பாக்காம இருந்தாச் சரியாப் போகும். நாளைக்கு வேலைக்குப் போகட்டும்."

எங்கள் லயத்து வீடுகளில் அது கேலியாகிவிட்டது.

"கறுப்பையாண்ணே, சேவச் சண்டையாவது பாக்கலாமா?"

"ஒன் மூஞ்சியப் பாத்தாலே நெஞ்சு அடைக்குதுடா" என்று அவரும் சிரிப்பார்.

இறுதி ஆட்டத்தன்று அவர் கிரவுண்டுக்குப் போகவில்லை. டிஸ்பென்சரியில் என்னோடு, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என்னிடம் பஞ்சு வாங்கிக் காதை அடைத்துக்கொண்டார். கூச்சல் எழும்போதெல்லாம் பஞ்சை எடுத்துவிட்டு, "யாரு அடிச்சது? நம்மாளா?" என்பார்.

"சொல்ல மாட்டேண்ணே. டொக்டரையா வைவாரு."

"பாக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு. கேக்கக் கூடாதுன்னாரா?"

எங்கள் தோட்டம் ஜெயித்தது. ஆட்டம் முடிந்த பிறகே சொன்னேன். சத்தம் வராமல் கை தட்டினார்.

மறுநாள் உர மூட்டையோடு பாதி மலையில் விழுந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. மூட்டை நனையாதபடி யாரோ அதன்மேல் படங்குச் சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். அவர் நனைந்துகொண்டு கிடந்தார்.

"ஒளிஞ்சு நின்னு பந்து பாத்திருப்பான். அதுதான் கொன்னுருச்சு" என்று டொக்டரையா கணக்கப்பிள்ளையிடம் சொன்னார்.

"இல்லைங்க. ஆட்டம் முடியிற வரைக்கும் எங்கூடத்தான் இருந்தாரு."

"நீ டொக்டரா?"

"போத்தல் கழுவுறவன்ங்க."

"அப்ப போத்தலைக் கழுவு."

அடுத்த நாள் காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில், நெஞ்சு வலிக்காரர்கள் யாரும் பந்து பார்க்கக் கூடாது என்று அறிவித்தார்கள். கையோடு அதே ஆட்களை உரம் சுமக்க அனுப்பினார்கள். நான் மீதிப் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெட்டியை எடுத்தேன்.

பெரிய ஆட்டம் பார்த்தால் நெஞ்சு கெடுமா என்று இளவட்டங்கள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். கெட்டுப்போன நெஞ்சை அது உலுக்கும். கண்ணால் கண்டேன். ஆனால் பந்தைத் தடுத்தவர்கள் மலையைத் தடுத்து நான் பார்த்ததில்லை. அந்தத் தோட்டத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

தோட்டத்தை விட்டு வந்த மறுநாள் விடிந்ததும் கொட்டகலை ஸ்டேஷனில் சுமை இறக்கும் வேலை கிடைத்தது. முதல் வேகனைத் திறந்தார்கள். உள்ளே உர மூட்டைகள். குனிந்து முதுகைக் கொடுத்தேன்.