கடைசிச் சண்டை சரியில்லை

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தியேட்டருக்குள் அபிப்பிராயம் பிறப்பதில்லை. படம் முடிந்து, கார் எங்கே நிறுத்தினோம் என்று தேடி, மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வந்த பிறகுதான் அது மெல்ல எட்டிப் பார்க்கும். முதலில் வாய் திறப்பவர் என்ன சொல்கிறாரோ அதுதான் மேசையின் தீர்ப்பு. அவர் போர் என்றால் எல்லாருக்கும் போர். அவருக்குக் கண் கலங்கியது என்றால், அதுவரை சோளப்பொரி மென்றுகொண்டிருந்தவர்களும் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். என் கணவர் இன்னும் ஒரு படி மேல். யூடியூபில் தமிழ்நாட்டு விமர்சகர் ஒருவர் சொல்லும்வரை தனக்குப் படம் பிடித்ததா என்பது அவருக்கே தெரியாது.

உள்ளூர்ப் படத்துக்கு வேறு சட்டம். நம் பிள்ளைகள் பார்த்த வேலையை விட்டுவிட்டு, கடன் உடன் வாங்கி எடுத்த படம். அதைக் குறை சொல்லக் கூடாது. வெளியே வரும்போது வாசலிலேயே யாராவது போனும் வட்ட விளக்குமாக நிற்பார்கள். "அண்ணே, படம் எப்படி?" "சூப்பர்லா. குடும்பத்தோட வந்து பாருங்க. நம்ம படத்த நாமதான் சப்போர்ட் பண்ணணும்." படம் முழுக்கக் குறட்டை விட்டவரும் இதையேதான் சொல்வார். ஒருமுறை நான் அந்தப் போனுக்கு முன்னால் நின்று, முதல் பாதியில் கதையைக் காணோம், இரண்டாம் பாதியில் என் பொறுமையைக் காணோம் என்று சொல்லிவிட்டேன். அது எங்கும் வெளிவரவில்லை. ஆனால் கோயில் மாதர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். நம் இனம் முன்னேறாததற்கு நான்தான் காரணமாம். போகட்டும், காலை வணக்கப் படங்களின் தொல்லையாவது விட்டது.

அக்கா எனக்கு நேர் எதிர். படம் எப்படி என்று கேட்டால், "ஒனக்குப் பிடிச்சிச்சா?" என்று திருப்பிக் கேட்பாள். பிடித்தது என்றால் அவளுக்கும் பிடித்தது. சண்டைக்காட்சி வந்தால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். "முடிஞ்சிருச்சா?" என்று நடுநடுவே கேட்பாள். நான் முடிந்தது என்று பொய் சொல்லிக் கண் திறக்க வைத்து வம்பு செய்த நாட்களும் உண்டு. அதெல்லாம் அவள் மகன் உயிரோடு இருந்த காலம்.

அவளுக்கு ஒரே பிள்ளை. சாமியார் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் படிக்கும்போது கூடாத கூட்டத்தோடு திரிந்தவன்தான். பிறகு லாரி ஓட்டப் போனான், அடங்கினான், அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தான். எங்கள் பழைய தோட்டத்தில் இப்போது ரப்பர் கிடையாது, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். அதன் ஓரமாகப் போகும் பெரிய சாலையில் ஓர் ஒட்டுக்கடை, சாலையோரச் சாப்பாட்டுக் கடை. ஒருநாள் சாயங்காலம் அந்தக் கடையில் அவனைப் பாராங்கத்தியால் வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். சம்பளம் போட்ட வாரம், நாற்காலி கிடைக்காத நேரம்.

போலீஸ் எல்லாரையும் விசாரித்தது. ஒருவர் கழிவறையில் இருந்தாராம். ஒருவர் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒருவர் அப்போதுதான் கழிவறைக்குப் போனாராம். கழிவறையில் இருந்ததாகச் சொன்ன அத்தனை பேரும் உண்மையிலேயே அங்கே இருந்திருந்தால், அது கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்திருக்க வேண்டும். யாரும் எதையும் பார்க்கவில்லை. யாரும் பிடிபடவும் இல்லை. பேப்பரில் 'குண்டர் கும்பல் மோதல்' என்று போட்டார்கள். அந்த மோதல் என்ற சொல்லைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. மோதல் என்றால் இவனும் போய் மோதினான் என்றுதானே ஆகிறது. அவன் கையில் கத்தி இருந்ததா, இல்லையா? இதை யாராவது ஒருவர் வாயால் கேட்க வேண்டும் அவளுக்கு. சந்தையில், கோயிலில், கருமாதி வீட்டில் என்று பார்க்கும் ஆட்களையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். சொந்தக்காரர்களே அவளைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார்கள். நான் அவர்களுக்கு நல்ல பதிலாகவே கொடுத்தேன், அதை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. எடுத்தது உள்ளூர்ப் பிள்ளைகள். எங்கள் வீட்டுக்கு வந்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டம், லாரி, ஒட்டுக்கடை என்று முன்னோட்டத்தில் எல்லாம் இருந்தது. 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று ரத்தச் சிவப்பில் எழுத்து. யாரோ ஒரு புண்ணியவான் அதை அக்காவுக்கே அனுப்பி வைத்திருந்தான்.

"போலாம்லா," என்றாள் அக்கா.

"ஒனக்கு எதுக்கு இந்த வேதன?"

"படம் எடுத்தவங்க நல்லா விசாரிச்சிருப்பாங்கல்ல? யார் என்னான்னு தெரியாமயா எடுப்பாங்க?"

நான் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறேன். அரை நாள் லீவு போட்டேன். அவள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

படத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அருவருப்பாக இருந்தது. என் அக்கா மகனைக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பைக்கில் ஏற்றி, பாட்டுப் போட்டு, பெரிய குண்டர் தலைவனாக ஆக்கியிருந்தார்கள். அவன் நடந்து வரும்போதெல்லாம் விசில் பறந்தது. கடைசிச் சண்டை கொட்டும் மழையில். இவனும் பாராங்கை எடுத்துப் பத்துப் பேரைச் சாய்த்த பிறகுதான் சாய்கிறான். அம்மா சேற்றில் ஓடி வருகிறாள். அவள் மடியில் தலை வைத்து "அம்மா" என்று ஒருமுறை கூப்பிட்டுக் கண்ணை மூடுகிறான். எனக்கு முன்வரிசையில் ஒருத்தி தேம்பினாள். எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் முழங்கையைப் பிடிக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. வெட்ட வருகிறவர்களின் முகங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் நடிகர்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் பார்த்தாள்.

வெளியே வந்தோம். வாசலில் வழக்கம்போலப் போனும் விளக்குமாக ஒரு பெண் நின்றாள். எல்லாரும் வரிசையாகச் சூப்பர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்து வந்தவர் நாற்பது வயதுக்கு மேலிருக்கும், பந்து விளையாட்டுக்காரர்கள் போடும் ஜெர்சி போட்டிருந்தார். பக்கத்தில் மனைவி. அவர் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் தோரணையில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"படம் ஓக்கேலா. பாட்டு நல்லாருக்கு. கடைசிச் சண்டதான் சரியில்ல. மழையெல்லாம் சும்மா, அன்னைக்கு மழையே இல்ல. அந்தப் பையன் பாராங்கெல்லாம் தூக்கல. உக்காந்து மீ சாப்பிட்டுக்கிட்டிருந்தான். பின்னாலேர்ந்து வந்தாங்க. எந்திரிக்கக்கூட விடல. இவங்க சரியா விசாரிக்காம எடுத்துட்டாங்க."

அவன் சாப்பிட்டது மீ, நூடல்ஸ் என்பதுவரை சொல்கிறார். இத்தனை காலம் ஒருவர் வாயிலிருந்தும் வராதது, படத்துக்குக் குறை சொல்லும் சாக்கில் இவ்வளவு சுலபமாக வந்து விழுகிறது. அக்கா அதற்குள் அவர் முன்னால் போய் நின்றிருந்தாள்.

"அண்ணே, நீங்க அங்க இருந்தீங்களா?"

அவர் சிரித்த முகத்தோடுதான் திரும்பினார். அவளை அடையாளம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. பேப்பரில் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத படம் வந்திருந்தது, ஊரே பார்த்தது.

"இல்லக்கா. கேள்விப்பட்டதுதான்."

"மீ சாப்பிட்டான்னு சொன்னீங்களே."

"யாரோ சொன்னாங்கக்கா," என்றார். மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகரும் படிக்கட்டில் இறங்கினாள். அது தானாக இறங்கும் வேகம் அவளுக்குப் போதவில்லை, படி படியாக ஓடினாள்.

காரில் நான் பொரிந்து தள்ளினேன். அந்த வீடியோ வெளியே வரட்டும், நேரே போலீசுக்குக் கொண்டுபோகலாம், அவரைச் சும்மா விடக் கூடாது என்றெல்லாம் பேசினேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. சுண்ணாம்புக்கல் மலை தாண்டும்போது சொன்னாள்: "மீயா சாப்பிட்டான்? காலையிலயும் அதான் செஞ்சு கொடுத்தேன்."

கொஞ்ச தூரம் போனபின் மறுபடியும், "கையில கத்தி இல்லன்னு சொன்னாரு, கேட்டியா?" என்றாள். கேட்டேன் என்றேன். அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதில் சந்தோஷமும் இருந்தது.

அன்று சாயங்காலமே வீடியோ வந்தது. அதன் கீழே கருத்துகள் குவிந்தன. 'ஆமாலா, மழை இல்ல.' 'மச்சான், மூணு மோட்டர் சைக்கிள்ல வந்தானுங்க, படத்துல ரெண்டுதான் காட்டுறான்.' 'அவன் உக்காந்த மேசை வாசல் பக்கம், உள்ள இல்ல.' கழிவறையில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒரு சினிமாவைத் திருத்துவதற்கு எத்தனை சாட்சிகள்! மறுநாள் மதியம் பார்த்தால் வீடியோ இல்லை. அதனோடு கருத்துகளும் போய்விட்டன. அதற்குப் பதில் அதே மனிதர், வேறு சட்டையில், தன் வீட்டு வாசலில் நின்று பேசும் வீடியோ இருந்தது. "சூப்பர் படம். கடைசிச் சண்ட அப்படியே தத்ரூபமா எடுத்திருக்காங்க. குடும்பத்தோட போய்ப் பாருங்க."

போலீஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். படத்தைப் பற்றி ஒருவர் பேசியதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது, அவரே வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார். வருவாரா என்று என்னையே கேட்டார்.

எங்கள் ஊர்களில் ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. தொழிற்சாலை வேன் ஓட்டுபவராம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் இருக்கும் தாமான் குடியிருப்புக்குப் போனோம். வரிசை வீடு, வாசலில் வேன். உள்ளே கூடத்தில் இரண்டு பையன்கள், மீசை அரும்பும் வயது, சோபாவில் படுத்துக்கொண்டு போனில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் இரும்புக் கேட்டின் பூட்டைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"என்னைய விட்டுருங்கக்கா. எனக்கும் ரெண்டு பையங்க இருக்கானுங்க. அந்தக் கும்பல் இன்னும் இங்கதான் சுத்திக்கிட்டிருக்கு, தெரியும்ல?"

"நான் போலீசுக்கு வரச் சொல்லி வரலண்ணே," என்றாள் அக்கா.

அதற்காகத்தான் வந்திருந்தோம். வழியெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். அந்தப் பையன்களைப் பார்த்ததும் அவள் மனம் மாறிவிட்டது போலிருக்கிறது. எனக்கு மாறவில்லை. "அப்ப அன்னைக்கு உக்காந்து சாப்பிட்டான்னு சொன்னது யாரு?" என்று குரலை உயர்த்தினேன். அக்கா என் கையை அழுத்தினாள்.

"நான் எதையும் பாக்கலம்மா," என்றார் அவர், என்னிடம். "படம் நல்லாருக்கு. எல்லாம் படத்துல உள்ளபடிதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேட்டைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் உலுக்கவும் தோன்றவில்லை. பல நாள் தூங்காதவர் முகம். உள்ளேயிருந்து மனைவி அவரைக் கூப்பிட்டாள், வெளியே வரவில்லை.

அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "படத்துல கடைசியா அம்மான்னு கூப்பிட்டான்லண்ணே," என்றாள். "அதையாவது சரியா எடுத்திருக்காங்களா?"

அவர் திரும்பித் தன் பையன்களைப் பார்த்தார். சாலையின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்:

"அதுவும் தப்புக்கா. கூப்பிட நேரமே இல்ல."

"சரிண்ணே," என்றாள் அக்கா. "சொன்னதுக்கு ரொம்ப நன்றி."