கிணற்றோரம் நான்கு வரிசை கேரட்

என் அண்ணன் பதினொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். அந்த வேலையை விட்டுவிட்டு, பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட ஆரம்பித்தான். காரணம் கேட்டதற்கு, "காய்கறி சில்லறை கேட்காது" என்றான். ஆனால் பழக்கம் விடுமா? முட்டைக்கோஸ் நாற்று நெருக்கமாக நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி காலியாத்தானே இருக்கு" என்று அதட்டிக்கொண்டே பிடுங்கித் தள்ளி நடுவான். பக்கத்தில் நிற்கிற எனக்கே இரண்டடி நகரத் தோன்றும்.

ஆறு வருடமாக ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்துக்கு அவன்தான் காய் கொடுக்கிறான். அங்கே தலைமைச் சமையல்காரர் என் வீட்டுக்காரர். காலையில் பறித்த காய் அரை மணி நேரத்தில் பின்வாசலில் இறங்கிவிடும். இறக்கும்போது மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வார்கள். "என்ன மச்சான், இந்த பீன்ஸ் எல்லாம் உங்கள மாதிரியே வளைஞ்சிருக்கு?" என்பார் இவர். "உங்க சமையல நினைச்சுப் பயந்திருக்கும் மாப்பிள்ளை" என்பான் அவன்.

இந்தச் சிரிப்புக்கு ஒரு திங்கட்கிழமை வேட்டு வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நிர்வாகி அம்மா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நோயாளிகளுக்கு இனி ஆர்கானிக் காய் போடலாமே என்றிருக்கிறார். ஒரு கம்பெனி இரண்டு நாள் தூரத்திலிருந்து குளிர்பதன லாரியில் கொண்டுவந்து தருமாம். இல்லை, பக்கத்துத் தோட்டத்துக் காயே போதும் என்றால் அதற்கும் காரணம் சொல்ல வேண்டும். எது வேண்டும் என்று அடுத்த வாரத்துக்குள் எழுதிக் கொடுங்கள், நீங்கள்தானே சமைக்கிறீர்கள் என்று முடிவை இவர் தலையில் கட்டிவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கும் கரண்டிக்குக்கூட வாய் முளைத்துவிடும்.

"எங்க அண்ணன் வயித்துல அடிக்கப் போறீங்களா? அவன்கிட்ட வாங்குற மொத்தக் கூட்டமே உங்க ஆஸ்பத்திரிதான்!"

"நான் ஒண்ணும் சொல்லலியே. யோசிக்கிறேன்னுதான் சொன்னேன்."

"ரெண்டு நாள் லாரியில கிடந்து வாடி வர்றது உசத்தி, காலையில பறிச்சது மட்டமா?"

"வாடினதுதான். ஆனா மச்சான் பூச்சிமருந்து அடிக்கிறாரே. படுத்திருக்கிறவங்க சாப்பிடுறது."

"ஊர் உலகத்துல யாரு அடிக்கல? கழுவினா போச்சு!"

அவர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

இந்த இடத்தில் என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகளுக்கு எட்டு மாதம். அப்போதுதான் வேகவைத்து மசித்த காய் கொடுக்க ஆரம்பித்திருந்தோம். தாய்மாமன் சும்மா இருப்பானா? ஞாயிறு தவறாமல் ஒரு பை கேரட்டோடு வந்து நிற்பான். குட்டை குட்டையாக, மண்ணோடு, சிலது இரண்டு கால் முளைத்து, அங்கங்கே ஓட்டையோடு இருக்கும். நான் முகமெல்லாம் பல்லாக வாங்கிக்கொள்வேன். அவன் தலை தெருமுனை தாண்டியதும் பையோடு கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவேன். குழந்தைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கிற கடையில் ஆர்கானிக் கேரட் பாக்கெட் வாங்கி, உறையைக் குப்பைக்கூடையின் அடியில் அமுக்கிவிடுவேன். என்ன செய்வது? ஒருமுறை தோட்டத்துக்குப் போனபோது, முதுகில் பம்பும் முகத்தில் துணியுமாக நின்று, "கிட்ட வராத, கிட்ட வராத!" என்று அண்ணன் கத்தியது என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பையோடு வந்தான். சாப்பிட உட்கார்ந்ததும் இவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "ஆறு வருஷமா உங்க நோயாளிங்க என் காய்தான் சாப்பிடுறாங்க. யாருக்காவது ஒண்ணு ஆச்சா? என் காயில என்ன குறைச்சல்?"

"அதானே!" என்று நான் அவனைவிட ஒரு படி மேலே கத்தினேன். "அண்ணன் காயில என்ன குறைச்சல்?"

இவர் என்னைப் பார்த்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரு பிளாஸ்டிக் உறையைத் தண்ணீரில் அலசி, உதறிக்கொண்டே வந்து மேஜை மேல் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. உறை சொல்லியது, கொட்டை எழுத்தில்.

அண்ணன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ நான் கொண்டாந்தது?"

"கீழ்வீட்டு அக்காவுக்கு."

"எல்லாமா?"

"எல்லாம்தான்."

அவன் கோபப்படுவான் என்று பார்த்தால் தலையில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி! அது கிணத்தோரம் குழந்தைக்குன்னே தனியா போட்ட நாலு வரிசை. ஒரு சொட்டு மருந்து படாதது. பூச்சி ஒவ்வொண்ணையும் நான் கையால பொறுக்குறேன், தெரியுமா? அதுல புழு இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு. அதனாலதான அருவருப்பா இருந்துச்சு!"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். குழந்தையும் காரணம் தெரியாமல் சிரித்தாள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்.

"தனியா எதுக்கு மச்சான் போட்டீங்க?"

"என்ன கேள்வி இது? பச்சக் குழந்தை சாப்பிடுது."

"ஆஸ்பத்திரிக்கு?"

அண்ணன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். "அது வேற மாப்பிள்ளை. அது மொத்தமா போறது."

"போறது மொத்தமாத்தான். சாப்பிடுறது ஒவ்வொருத்தரா."

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டான். எனக்கு இவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. சோறு போட்டுக்கொண்டே ஒரு மனுஷனை இப்படியா கேட்பது? என்மேல் வந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றும் தெரியவில்லை.

மறுநாள் அண்ணன் காயை இறக்கிவிட்டு வழக்கம்போலத் திரும்பிப் போகவில்லை. மத்தியானம் வரை சமையல்கூடத்திலேயே நின்று, சாப்பாட்டு வண்டியை நான் தள்ளுகிறேன் என்று வார்டுகளுக்குப் போயிருக்கிறான். ஆறு வருடத்தில் அவன் அந்த ஆஸ்பத்திரியின் பின்வாசலைத் தாண்டியது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை.

"மாப்பிள்ளை, ஆர்கானிக்குன்னே எழுதிக் குடுத்துடுங்க."

நான் பாய்ந்தேன். "உனக்கென்ன பைத்தியமா? குத்தகைப் பணத்துக்கு எங்க போவ?"

"பார்த்துக்கலாம். மருந்த விட்டாலும் நிலம் தெளிய மூணு வருஷம் ஆகுமாம், விசாரிச்சேன். நாலு வரிசைய மெல்ல மெல்லப் பெருசாக்குறேன்."

"மூணு வருஷமா? அதுவரைக்கும் காத்தைக் குடிப்பியா? ஒரு நாள் வண்டி தள்ளினதுக்கே இப்படி ஆயிட்டியே, அங்க யாரு என்ன சொன்னாங்க உன்ன?"

"யாரும் ஒண்ணும் சொல்லல." அவன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "மூணாவது வார்டுல ஒரு அம்மா. எழுந்து உட்கார முடியல. நான்தான் தலையணையை முட்டுக்குடுத்து ஊட்டி விட்டேன். பத்து நாளா எதுவுமே இறங்கலியாம், இந்தக் கேரட் மட்டும் நல்லா இருக்குன்னு சாப்பிட்டாங்க. யாரு தோட்டத்துதுப்பான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலம்மான்னு சொல்லிட்டேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து காகிதமும் பேனாவும் எடுத்துவந்தார். நான் மேஜையைத் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தேன்.