ஆணியில் தொங்கிய சாவிகள்

எர்ணாவூர் குடியிருப்பில் கார்குழலியின் வாசலில் ஓர் ஆணி உண்டு. வேலைக்குப் போகிற பெண்கள் தங்கள் வீட்டுச் சாவியை அதில் மாட்டிவிட்டுப் போவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். இத்தனை வருடத்தில் எந்த வீட்டிலும் ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை. அதில் அவளுக்குத் மனசு கொள்ளாத பெருமை.

வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனி மூடியபோது அங்கே கழித்துக் கட்டிய மூன்று கம்ப்யூட்டர்களை வாங்கிவந்து, முன்னறையில் பிரவுசிங் சென்டர் திறந்தாள். கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போகிற ஆண்களுக்கும், இங்கே இருக்கும் பெண்களுக்கும் மெயில் ஐடி போட்டுக் கொடுப்பது அவள்தான். பாஸ்வேர்டு வைப்பதும் அவள்தான், அதுவும் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு! 'உங்களுக்கு மறந்துபூடும், என் மண்டையில கெடக்கட்டும்' என்பாள். வீட்டுச் சாவியையே கொடுத்தவர்கள் இதற்கா யோசிப்பார்கள்?

மெஷின் ரிப்பேர் பார்க்க வரும் தண்டையார்பேட்டை அமான்தான் தலையில் அடித்துக்கொள்வான். உள்ளே இருந்தது விண்டோஸ் 98. செய்த கம்பெனியே அதைக் கைகழுவி இரண்டு வருடம் ஆகிறது, ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை, மாற்றிவிடுங்கள் அக்கா என்று கெஞ்சிப் பார்த்தான். ஓடுகிற வண்டியை எவளாவது நோண்டுவாளா? ஆயுத பூஜைக்கு மூன்றுக்கும் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கித் திருஷ்டி கழித்தாள். அதற்குமேல் என்ன காவல் என்பது அவள் கட்சி.

2008-ல் ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு அடைக்கலமேரி வந்தாள். புருஷன் ஸ்டானிஸ்லாஸ் சரக்குக் கப்பலில் இருந்தான். அவன் மெயிலை வழக்கம்போலக் கார்குழலியே வாசித்துச் சொன்னாள். எப்போதும் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறவன், இதை முழு இங்கிலீஷில் எழுதியிருந்தான். துறைமுகத்தில் விழுந்து இடுப்பு முறிந்துவிட்டதாம், போன் தொலைந்துவிட்டதாம், ஆபரேஷனுக்கு உடனே பணம் வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் யாரோ அவனுக்காக டைப் அடித்திருப்பார்கள் என்று கார்குழலியே சமாதானம் சொன்னாள். அடைக்கலமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தாலிச் செயினைக் கழற்றினாள். அடகுக் கடைக்கும் பணம் அனுப்பும் ஆபீசுக்கும் கார்குழலிதான் கூட ஓடினாள்.

சில நாள் கழித்துக் கடைப் போன் அடித்தது.

"இன்னா கொழலி, மேரி நல்லாகீதா?"

ஸ்டானிஸ்லாஸ்!

"நீ ஆஸ்பத்திரில இல்லியாண்ணா?"

"ஆஸ்பத்திரியா? நான் கப்பல்லகீறேன். இப்பத்தான் கரைக்கு வந்தோம்."

செத்தவன் எழுந்து வந்து பேசியிருந்தால்கூட அவளுக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டிருக்காது.

அமான் வந்து மெஷினைக் குடைந்து பார்த்தான். பழைய ஓட்டை வழியே ஏதோ ஒரு புரோகிராம் உள்ளே புகுந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"எத்தினி மாசமாகீதோ தெர்லக்கா. இங்க தட்டுனதெல்லாம் எவனுக்கோ போய்கினே இருந்துகீது, உன் ஒரே பாஸ்வேர்டும் சேத்துத்தான்."

கார்குழலி ஒவ்வொருவர் மெயிலாகத் திறந்தாள். ஐயோ, அந்தக் கொடுமையை என்னவென்று சொல்ல! சொக்கம்மாள் மகன், மலர்க்கொடி புருஷன், பதுருன்னிசாவின் தம்பி என்று வெளியூர் போன ஆண்கள் அத்தனை பேருக்கும் இடுப்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி ஒன்று, எழுத்து ஒன்று, பெயர்தான் வேறு. கதவு கதவாகத் தட்டி எல்லாம் பொய்யென்று சொல்லிவிட்டு வந்து, மூன்று மெஷினையும் பிளக்கோடு பிடுங்கிப் போட்டாள்.

சாயங்காலம், பிள்ளை வந்து சாவி எடுக்கும் முன்பே அடைக்கலமேரி வந்தாள். அவள் திட்டுவாள், காறித் துப்புவாள் என்று கார்குழலி காத்திருந்தாள். செயினை நான் மீட்டுத் தருகிறேன் என்று சொல்லவும் வாயெடுத்தாள். அடைக்கலமேரி அவள் முகத்தைப் பார்க்காமலே ஆணியிலிருந்து தன் சாவியை எடுத்தாள்.

"இனிமே புள்ள கையிலயே குட்த்து அனுப்சிடறேங்கா."

மறுநாள் காலை அந்த வழியாகப் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் கழுத்தில் கயிற்றில் சாவி தொங்கியது. கார்குழலி வாசலிலேயே நின்றிருந்தாள். ஆணியில் ஒரு சாவியும் இல்லை.