அர்லிஸின் வில்லில் கழற்றிய எடை

வில் வேட்டைக்காரர்களுக்கு டெல்மர் பியோன்டெக் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. பெஷ்டிகோ ஆற்றுப் பக்கம் செப்டம்பரில் மான் வேட்டை தொடங்குமுன் பாதி ஊர் வில்லைச் சரிசெய்ய அவன் மேசைக்கு வந்துவிடும். இரும்புக்கடையின் பின்கோடியில், பெயின்ட் டப்பாக்களைத் தாண்டி இருந்தது அந்த மேசை. வில்லின் முன்னால் அதை ஆடாமல் நிறுத்துகிற ஒரு ஸ்டெபிலைசர் தண்டு, பின்னால் பக்கவாட்டில் ஒன்று, அவற்றின் நுனியில் திருகுகிற எஃகு எடைகள். முன்தண்டு எட்டு அங்குலமா பன்னிரண்டா, நுனியில் மூன்று அவுன்ஸா ஐந்தா என்று ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வான். குறி பார்க்க வில்லில் இருக்கும் குறிமுள் துள்ளினால் எடை போதவில்லை, கீழே மூழ்கினால் முன்னால் கனம் அதிகம். அவனுக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

வந்தவரைக் கண்ணை மூடிக்கொண்டு நாணை முழுக்க இழுக்கச் சொல்வான். தாடையில் நிறுத்திய பிறகுதான் கண்ணைத் திறக்க வேண்டும். குறிமுள்ளுக்குக் கீழே இருக்கும் குட்டி ரசமட்டத்தில் குமிழி அப்போது எங்கே நிற்கிறதோ, அதுதான் வில்லின் நிஜம். கண் திறந்திருந்தால் மனுஷன் தன்னையே ஏமாற்றிக்கொள்வான் என்பது அவன் கட்சி. செய்த மாற்றத்தைத் தேதியோடு ஓர் அட்டையில் எழுதி வைப்பான். கல்யாண நாளை மறந்தாலும் மறப்பான், அட்டையை மறக்கமாட்டான்.

அவன் மனைவி அர்லிஸ் அவனைவிட நன்றாக அம்பு விடுவாள். ஊர் உணவு விடுதியில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் அவள் பொறுப்பு. ஆகஸ்டு மாதம் ஒருநாள், வீட்டுக் கொல்லையில் பயிற்சி செய்துகொண்டிருந்தவள் நாணைத் தளர்த்திவிட்டுத் திரும்பினாள்.

"யோவ் டெல், முள்ளு கீழ போவுதுய்யா."

"எவ்ளோ?"

"நெஞ்சுல வெச்சா முழங்காலுக்கு வருது. மான் நொண்டிக்கிட்டே வீடு போய்ச் சேந்துரும்."

"முன்னாடி கனம் ஜாஸ்தி. குடு இப்டி."

"போன வருஷமும் இதே கனந்தானே?"

"போன வருஷம் ஒனக்கு ஒரு வயசு கம்மி."

"அட கெழவா! ஒனக்கு மட்டும் கொறஞ்சுட்டு வருதாக்கும்."

திருகு கழற்றுகிற ஆலன் கீயை எடுத்து இரண்டு அவுன்ஸைக் கழற்றினான். முள் நின்றது. இருவரும் சிரித்தார்கள்.

அக்டோபரில் குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கியது. பின்தண்டைக் கொஞ்சம் சாய்த்தான், குமிழி நடுவுக்கு வந்தது. அடுத்த கோடையில் மறுபடி முள் இறங்கவே, பன்னிரண்டு அங்குலத் தண்டை எடுத்துவிட்டு எட்டு அங்குலம் போட்டான். பிறகு இன்னும் ஓர் அவுன்ஸ் குறைத்தான். பிறகு நாணின் இழுவையைத் தளர்த்தினான். அந்த நவம்பரில் இருபத்திரண்டு கஜத்தில் அவள் ஒரு பெரிய கலைமானை ஒரே அம்பில் சாய்த்தபோது, கடைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டான். "அம்பு சரியாத்தான் விடுவா. ஆனா வில்லு யாரு செட் பண்ணது?"

இதே காலத்தில் அவள் சட்டைப் பொத்தான் போட நேரம் எடுத்துக்கொண்டாள். இரண்டு காப்பிக் கோப்பைகளை உடைத்தாள். ஒரே கூரையின் கீழே இருந்தும் அது அவன் கண்ணில் படவில்லை. எனக்கு அவன்மேல் வரும் கோபம் இங்கேதான். வில்லில் அரை அவுன்ஸ் பிசகினால் கண்டுபிடிக்கிற மனுஷன் அவன்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்தில், வறுத்த மீன் தட்டு அவள் இடதுகையிலிருந்து நழுவித் தரையில் கொட்டியது. அவள் குனிந்து எடுக்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை.

கிரீன் பே நகரத்தில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். கழுத்தில் எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது.

"எப்போலேந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இந்தக் குளிர்காலத்துலதான்," என்றாள் அர்லிஸ்.

"இல்ல," என்றான் டெல்மர். அவன் குரலே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆகஸ்டு பதினொண்ணு."

"தேதியெல்லாம் எப்படிங்க ஞாபகம்?"

"அன்னிக்குத்தான் ரெண்டு அவுன்ஸ் கழட்டுனேன். அப்புறம் நாலு தடவ மாத்துனேன். எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

டாக்டர் படத்தைக் கழற்றி வைத்தார். அப்போதே வந்திருந்தால் கையைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இப்போது அறுவைசிகிச்சை செய்தால் மேலும் மோசமாகாமல் நிறுத்தலாம், போனது திரும்புவது உறுதியில்லை, ஆறு மாதத்துக்குள் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் என்றார்.

திரும்பி வரும்போது வண்டி நாற்பது மைல் தாண்டியது. பிறகு அர்லிஸ்தான் ஆரம்பித்தாள்.

"ஒவ்வொரு தடவையும் நீ சரி பண்ணிக் குடுத்த டெல். நானும் சரியாயிட்டேன்னு நெனச்சுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அவன் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

மார்ச்சில் அறுவைசிகிச்சை நடந்தது. ஏப்ரலில் விரல் நுனியில் குறுகுறுப்பு வந்தது என்று அவள் சொன்னதற்கு அவன் ஒரு வாரம் பைத்தியம் மாதிரி சந்தோஷப்பட்டான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. தினமும் ரப்பர் பந்தைப் பிசைந்தாள், பந்து அப்படியே இருந்தது.

கடையில் அவனுக்குக் கை ஓடவில்லை. ராண்டி என்கிற மரம் அறுக்கிற ஆள், முள் மூழ்குகிறது என்று வில்லோடு வந்தான்.

"மொதல்ல டாக்டர்ட்ட போய்க் கையக் காட்டு," என்றான் டெல்மர்.

"என்ன மொதலாளி, வெயிட்டக் கழட்டச் சொன்னா என்னையே கழட்டி விடுறீங்க?"

"போடான்னா போடா!"

ராண்டி சிரித்துக்கொண்டே வில்லை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனான். அங்கே எடையைக் குறைத்துக் கொடுத்தார்களாம், இப்போது பிரமாதமாக இருக்கிறதாம்.

செப்டம்பரில் வேட்டை தொடங்க இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் அர்லிஸ் கொல்லைக்கு வந்து, "என் வில்லக் கொண்டா," என்றாள். அவன் உள்ளே போய் வில்லை எடுத்துவந்தான். முன்தண்டையும் பின்தண்டையும் கழற்றினான். வில்லின் பக்கத்தில் மாட்டியிருந்த அம்புக்கூட்டையும் எடுத்தான். நாணின் இழுவையை அது போகிற அளவுக்குக் குறைத்தான். மொட்டையாக நின்ற வில்லை அவள் இடதுகையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியைச் சுற்றி மடக்கிவிட்டான்.

அவள் பழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள். வில் இடுப்பு வரை வந்தது. தோள் நடுங்கியது, முகம் சிவந்தது. அதற்குமேல் அது ஏறவில்லை. டெல்மரின் கை தானாகப் பையிலிருந்த ஆலன் கீயை எடுத்தது. வில்லின் மேலிருந்து கீழ்வரை விரலால் தடவி ஒரு திருகைத் தேடினான்.

அர்லிஸ் கண்ணைத் திறந்து அவன் கையைப் பார்த்தாள்.

"இன்னும் எதைய்யா கழட்டப் போற?" என்றாள்.