பஞ்சு வச்ச சுவர்

நீங்க நம்பணும்னு சொல்லல. பேய், ஆவின்னு யாராச்சும் ஆரம்பிச்சாலே எழுந்து போயிடற ஆளு நானு. ஆனா இது என் வீட்லயே, பட்டப்பகல்ல நடந்தது, அதான் சொல்றேன்.

தட்டாஞ்சாவடில எங்க வீடு. பக்கத்துல பாபுவோட கிரில் பட்டறை, நடுவுல ஒரே சுவர்தான். அத்தன வருஷமும் அந்தச் சத்தத்தோடதான் இருந்தோம், ஒண்ணும் தெரியல. என் மனைவி அமலாவுக்கு தலைல கட்டி வந்து ஆபரேஷன் ஆச்சி பாருங்க, அதுக்கப்புறம் ஒரு ஸ்பூன் கீழ விழுந்தாகூட காதப் பொத்திக்கிட்டு சுருண்டுக்குவா. பாபு இரும்பு அறுக்க மெஷின் போட்டா வாந்தியே வந்துடும். அவனும் நல்லவன்தான், அக்காவுக்கு முடியலன்னு பாதி நேரம் நிறுத்தி வைப்பான். ஆனா அவன் பொழப்பும் அதுதானே.

சரின்னு அவ படுக்கற ரூம் சுவருக்குப் பஞ்சு வைக்க ஏற்பாடு பண்ணேன். தலகாணிப் பஞ்சு இல்ல, கல்ல உருக்கிச் செய்யற ராக் வுல், பலகை பலகையா வரும். நம்ம ஊரு கடல் காத்துக்கு சுவர்ல ஓதம் ஏறும், ஈரத்தோட மூடினா உள்ள பூஞ்சை புடிச்சிடும்னு தெரியும். அதனால ஒழுகற பைப்ப மாத்தி, உப்புப் பூத்த பூச்ச சுரண்டி, கோடை வெயில்ல நல்லா காய விட்டு, சுவருக்கும் பஞ்சுக்கும் நடுவுல காத்து போக எடம் விட்டு, அப்புறம்தான் மேல ஜிப்சம் போர்டு அடிச்சோம். ஒரு குறையும் வைக்கல.

அன்னிக்கு மத்தியானம் அவ தூங்கினா. அந்தப் பக்கம் மெஷின் ஓடுது, இவ வாயத் தொறந்துக்கிட்டு கொழந்த மாதிரி தூங்கறா. நான் சமையக்கட்டுல போய் நின்னு அழுதேன்.

கொஞ்ச நாள் கழிச்சி ஒரு சாயங்காலம், "என்னாங்க, இந்தச் சுவர்ல யாரோ மூச்சு விடறாங்க"ன்னா. சரி, வியாதி அப்படிப் பேச வைக்குதுன்னு அவ மனசுக்காக போர்டுல காத வச்சேன். சத்தியமா கேட்டுது. வலியோட இழுத்து இழுத்து விடற மூச்சு. இவளோடதுதான் திருப்பிக் கேக்குதோன்னு, கொஞ்சம் மூச்ச அடக்கிக்கன்னேன். அடக்கினா. சுவர் அடக்கல.

மறுநாள் அதே எடத்துல போர்டுல ஈரம், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. பாபுவக் கூப்பிட்டு ரெண்டு பேருமா கழட்டினோம். சுவர் காஞ்சி கெடக்கு, தொட்டா தூசி ஒட்டுது. பஞ்சு மட்டும் அந்த ஒரு எடத்துல நனைஞ்சிருக்கு. தொட்டா வெதுவெதுன்னு இருக்கு, இப்பதான் யாரோ வாய எடுத்த மாதிரி. பாபு கையத் தொடச்சிக்கிட்டுப் போயிட்டான். பிச்சி எறிஞ்சிடறேன்னேன். அமலாதான் விடல. "மெஷின் சத்தத்துக்கு இது தேவலங்க, மூடிடுங்க"ன்னா. மூடினேன்.

கட்டி திரும்பவும் வளந்துடுச்சி. இனிமே வீட்லயே வச்சிப் பாத்துக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கடைசில பேச்சே இல்ல, கண்ணு மட்டும் தொறந்திருக்கும். ஒரு மத்தியானம் என் கையப் புடிச்சபடியே போயிட்டா. அப்ப சுவர்ல காத வச்சிப் பாத்தேன். ஒண்ணுமில்ல.

காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு பாபு வந்தான். "அக்கா போன அன்னிக்கு, அவங்க கூப்பிட்ட உடனே நிறுத்திட்டேண்ணே"ன்னான். என்னாத்தன்னேன். மெஷின் ஓட்டிக்கிட்டிருந்தப்ப சுவருக்கு இந்தாண்டேந்து, "பாபு, கொஞ்சம் நிறுத்துப்பா, தல வலிக்குது"ன்னு அவ குரல் கேட்டுதாம். அவ வாயே அசையல, நான் பக்கத்துலயேதான் இருந்தேன். நான் கத்தினாகூட அந்தப் பஞ்ச தாண்டிப் போவாது.

செத்ததோட வலி விட்டுப் போச்சின்னுதான் மனசத் தேத்திக்கிட்டிருந்தேன். இப்ப பாபு பட்டறைய வேற எடத்துக்கு மாத்தறான். ஏன்னு நான் கேக்கல, அவனேதான் சொன்னான்.

"நேத்தும் கெஞ்சறாங்கண்ணே. மெஷின நான் போடவே இல்ல."